சங்கரி அளந்த பின்கதவு

சிங்கப்பெருமாள் கோயில்
ஞாயிறு

அன்பு மகன் கலையரசனுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை சங்கரி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் நலத்தைப் பற்றி நீ போனில் சொல்வதில் பாதியைத்தான் நம்புகிறேன், மீதியைப் பதில் கடிதத்தில் எழுது. புகையைப் பற்றிப் படிக்க ஸ்வீடன் வரை போனவன், ஒரு நாளாவது என் விறகடுப்புப் பக்கம் வந்தானா என்று உன் அப்பா கேட்கிறார், நான் கேட்கவில்லை.

சேதி இதுதான். சங்கரி வேலை செய்யும் கார் சீட் கவர் தைக்கிற மாடியை அளந்து அனுப்பச் சொன்னாய், அவளும் தையல் டேப்பாலேயே ஜன்னல், இரண்டு கதவு எல்லாம் அளந்து அனுப்பினாள். நீயும் கீழே ஸ்பாஞ்சு குடோனில் தீப்பிடித்த மாதிரி கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்து, மாடியில் இருக்கும் ஏழு பேரும் பின்கதவு வழியாகத் தப்பிவிட்டதாக வீடியோ அனுப்பினாய். நான் இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினேன். மூன்றாம் நாள்தான் இவள் வாய் திறந்தாள். அந்தக் கதவை மறைத்து ஸ்பாஞ்சு மூட்டை அடுக்கியிருக்கிறதாம், இடுக்கில் கையை விட்டுத்தான் அளந்தாளாம், பூட்டின் சாவி முதலாளியிடமாம். ஏண்டி சொல்லவில்லை என்றால், "அண்ணன் எவ்ளோ அகலம்னுதான கேட்டுச்சி, தொறக்குமான்னா கேட்டுச்சி" என்கிறாள். இந்த வரியை எழுதமாட்டேன் என்று அடம்பிடித்தாள், நான் விடவில்லை.

அதைக் கேட்டு, கதவு மூடியிருப்பதாக வைத்து நீ மறுபடி ஓட்டியதைப் பார்த்தபின் எனக்குச் சோறு இறங்கவில்லை. தீ மாடிக்கு வரவே இல்லை, ஸ்பாஞ்சு எரிந்தால் வரும் என்றாயே அந்தச் சயனைடு புகைதான் படியேறி வருகிறது, மூன்று நிமிஷத்தில் ஆளுக்கொன்றாக நீ வைத்த ஏழு புள்ளியும் படுத்துவிட்டன. வேலையை விட்டுவிடு என்று இவளிடம் சொன்னேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டது போதும், இதையும் விடமாட்டேன் என்றாள். முதலாளி பார்த்தசாரதியிடம் நான் பேசுகிறேன் என்றால், "நீ வந்தா ஊரே கூடிடும்மா" என்கிறாள்.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் இவளே போனை அவர் முன்னால் வைத்து அந்த வீடியோவை ஓட்டினாளாம். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "இன்னாம்மா இது, கேமா? எல்லாம் படுத்துகினு கீது, ஒண்ணு மட்டும் கதவாண்ட போயி கடைசியா வுழுதே, அது யாரு?" என்றிருக்கிறார். இவள் தரையைப் பார்த்தபடி, "நீங்கதாண்ணே. சாவி தேடிகினு கீறீங்க" என்றாளாம்.

எச்சில் கையோடே எழுந்து மூட்டையைத் தள்ளினாராம். பூட்டு துருப்பிடித்துச் சாவிக்கு அசையவில்லை, சுத்தியலால் உடைத்தார்கள். மூட்டையெல்லாம் வெளிக் கொட்டகைக்குப் போய்விட்டது, இனிப் பூட்டு கிடையாது, உள்தாழ்ப்பாள்தான். நேற்று இவளை முன்னால் விட்டு ஏழு பேரும் பின்படியில் இறங்கிப் பார்த்தார்கள். முப்பத்தெட்டு விநாடி. உன் கம்ப்யூட்டரிடம் சொல்.

குளிரில் காதை மூடிக்கொள். நீ தங்கியிருக்கும் மூன்றாம் மாடியிலிருந்து தப்பிக்க எத்தனை வழி என்று, நீயே ஒரு தடவை இறங்கிப் பார்த்துவிட்டு எழுது. நம் ஊர் நரசிம்மர் உன்னைப் பார்த்துக்கொள்வார், அவருக்கு நீயும் கொஞ்சம் உதவி செய்.

ஆசிகளோடு உன் அம்மா
ஜோதிலட்சுமி