நாட்டில் மிஞ்சிய மஞ்சள் பூ

மேயோ, அயர்லாந்து
அக்டோபர் 19

அன்புள்ள ரூயிரி அண்ணாவுக்கு,

கிரானியா எழுதுவது. நீ சுகம் என்று நம்புகிறேன். உன் புது எண் எங்களிடம் இல்லை. கிறிஸ்துமஸ் அட்டையிலிருந்த பெர்த் விலாசம்தான் இருக்கிறது.

வீட்டுக்கு மேலே சதுப்பில் காற்றாலைக்குப் பாதை போட வந்தார்கள். ஜூலையில் அங்கே ஒரு பூவைப் பார்த்தேன். ஐந்து மஞ்சள் இதழ், அடியில் செம்புள்ளிகள், தண்டில் செம்பட்டை மயிர். மேய்ச்சலில் பூக்கும் கிண்ணப்பூவுக்கு இந்தப் புள்ளி கிடையாது. நூலகப் புத்தகத்தோடு மூன்று முறை ஒப்பிட்டேன். அதேதான். நாட்டில் விரல்விட்டு எண்ணும் இடங்களில்தான் மிஞ்சியிருக்கிறது. அது நிற்கும் மண்ணைச் சட்டப்படி யாரும் தொடக்கூடாது. அரசுக்கு எழுதினேன். பாதை வெட்டினால் சதுப்பு சரிந்து இறங்கும், சரிவுக்குக் கீழே மனிதர்கள் தூங்குகிறோம் என்று நாற்பது பேர் அனுப்பிய மனுவுக்கு இன்றுவரை பதில் இல்லை. பூவுக்கு ஒன்பதே நாளில் வந்தது, அதிகாரி நேரில் வந்து பார்ப்பார் என்று.

அதற்குள் பக்கத்து வீட்டு மார்ட்டின் அப்பாவிடம் ஓதிவிட்டார். "பூவக் கண்டானுங்கன்னா பாதைய மட்டுமா நிறுத்துவானுங்க, ஃபெஸ்டி? நீ காயவெச்சு அடுப்பெரிக்க வெட்டுற சதுப்பு மண்ணுக்கும் பூட்டுதான். அப்புறம் உன் மவ புத்தகத்தக் கிழிச்சுக் குளிர் காயி!"

அதிகாரி வந்த காலையில் அப்பாவின் நகக்கண்ணெல்லாம் கருஞ்சேறு. நான் காட்டிய இடத்தில் வெறும் குழிகள். "ஆடு கிளறியிருக்கும்மா. இவ கிண்ணப்பூவப் பாத்துட்டு உளறுறா" என்றார். அந்த அதிகாரி அம்மா என்னைப் பார்த்தார். தவறாகப் பார்த்துவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டேன். அப்பாவைக் காட்டிக்கொடுக்க எனக்கு வாய் வரவில்லை, அண்ணா.

பாதை வெட்டியாயிற்று. பத்து நாளாக மழை. மேலே நம் வேலியிலிருந்து மார்ட்டின் வேலி வரை நிலம் வெடித்திருக்கிறது. நேற்று அந்த வெடிப்பில் என் கை முழங்கை வரை உள்ளே போனது. குழாயில் கறுப்புத் தண்ணீர். மார்ட்டின் மூட்டையைக் கட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அரசு ஆட்கள் கதவில் எச்சரிக்கைக் காகிதம் ஒட்டியதோடு சரி. அப்பா நகர மறுக்கிறார். "புடுங்குனது நான். விழுந்தா என் தலையிலயே விழட்டும்" என்கிறார். அவரை விட்டு நானும் போகவில்லை.

நீயும் அப்பாவும் பேசி நான்கு வருடம் ஆகிறது. சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று இப்போது பார்க்காதே. நீ கூப்பிட்டு, வெளியே வாருங்கள் என்றால் வருவார். பூவைப் பற்றித் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரப் பத்து நாளாவது ஆகும். வந்ததும் வீட்டு எண்ணுக்குக் கூப்பிடு. மணி அடித்துக்கொண்டே இருந்தாலும் உடனே வைத்துவிடாதே.

உன் தலைக்கு மேலுள்ள கூரையை ஆண்டவர் காக்கட்டும்.

உன் தங்கை,
கிரானியா