கீரிமலைக் கேணியில் இப்போது நானும் நீந்துகிறேன்

என்ரை இஞ்சாருங்கோ,

உங்கள் பெயரைச் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. எழுத்தில் மட்டும் எப்படி வரும்? அடுப்படியிலிருந்து கூப்பிடுவது போலவே தொடங்குகிறேன். ஒரு புதினம் சொல்ல வேண்டும். நான் கீரிமலை ஊற்றுக் கேணிக்குப் போய்வருகிறேன். துவாயோடு வெளியே காத்திருக்க அல்ல, நீந்த. சிரிக்காதீர்கள்.

விடியற்காலையில் ஆண்கள் கேணியின் மதிலில் ஏறிக் குதிப்பதற்காக உங்களை எத்தனை தரம் ஏசியிருப்பேன்? "இந்த வயதிலை பொடியன் எண்ட நினைப்பு!" நீங்கள் தலையைத் துவட்டிக்கொண்டே, "உடம்பு புதுசு மாதிரி இருக்கப்பா" என்பீர்கள். மானிப்பாயில் சிலுவை மாட்டிய வேதக்கார வீட்டில் சுடுதண்ணீரில் குளித்து வளர்ந்தவளுக்கு அது விளங்கவே இல்லை.

பிறகு ஒரு மார்கழி விடியலில் குளித்துவிட்டு வந்து, தேத்தண்ணீரைக் கையில் வாங்கியபடியே சரிந்தீர்கள். செத்த வீட்டில் உங்கள் அக்கா நெஞ்சில் அடித்து அழுதார். "அந்தக் குளிர்தண்ணிதான் என்ரை தம்பியைக் கொண்டுபோட்டுது!" நானும் அதைத்தான் நம்பினேன். தண்ணீர் மீது கோபம், அதைவிட உங்கள் மீது கோபம். நித்திரை போய்விட்டது. பிரஷர் குளிசையையும் நிறுத்திவிட்டேன். ஏனென்று கேட்பீர்கள். உங்களிடம் கெதியாக வந்துவிடலாம் என்றுதான்.

முப்பத்தொராம் நாள் அந்தியேட்டிக் கிரியைகளைக் கீரிமலையில் செய்தோம். முடிந்ததும் உரித்துக்காரர் எல்லோரும் அங்கே முழுகவேண்டும் என்பது உங்கள் சைவப் பக்கத்து வழமை.

"நான் உந்தத் தண்ணிக்கை கால் வைக்கமாட்டன் மச்சாள்" என்றேன் உங்கள் அக்காவிடம்.

"எனக்கும் அதைப் பாக்க வயிறு எரியுது ராணி. ஆனா முழுகாமல் வீட்டுக்குப் போகேலாது. வாரும்" என்று அக்கா கையைப் பிடித்துப் பெண்கள் கேணிக்குள் என்னை இறக்கினார்.

இடுப்புக்கு மேல் தண்ணீர் ஏறியதும் மூச்சு நின்றுவிட்டது. வாயைத் திறந்து திணறினேன். அழவும் நேரமில்லை, உங்களைத் திட்டவும் நேரமில்லை. அடுத்த மூச்சை எடுப்பதே பெரிய வேலையாக இருந்தது. கொஞ்சம் பொறுத்து அது தானாகத் திரும்பி வந்தது. கரையேறியபோது நடுங்கினேன், பசித்தது. நீங்கள் போனபின் எனக்கு வந்த முதல் பசி அது. அன்று விடியும்வரை நித்திரை கொண்டேன்.

இதை நம்பலாமா என்று தெரியாமல், கிளினிக்கில் எங்கள் மகள் வயதுடைய டொக்டர் பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தண்ணியை மட்டும் குறை சொல்லாதேங்கோ அம்மா. ஐயாவுக்கு முதலே இருதயக் குழாய் அடைச்சிருக்கவேணும். அப்பிடியான ஆக்கள் குளிருக்கை திடீரெண்டு பாயிறது ஆபத்து. முந்தி நெஞ்சு நோகுது எண்டு சொன்னவரோ?"

சொன்னீர்கள்தானே? நாங்கள் இரண்டு பேரும் அதை வாய்வு என்று முடிவுகட்டி, உள்ளிப்பூண்டு சுட்டுத் தின்று, இஞ்சித் தேத்தண்ணீர் குடித்துச் சமாளித்தோம். நல்ல வைத்தியர்கள்!

அந்தப் பிள்ளை என்னைச் சோதித்து, குளிசையைத் திரும்பத் தொடங்கவைத்துத்தான் தண்ணீருக்கு விட்டது. மெல்ல இறங்கவேண்டும், நடுக்கம் தொடங்குமுன் ஏறிவிடவேண்டும், தனியே போகவே கூடாது.

தனியே போகக்கூடாதென்றால் யார் துணை? உங்கள் அக்காதான். பாவாடையை நெஞ்சோடு குறுக்குக்கட்டாகக் கட்டி இறங்கினால் அதற்குள் காற்றுப் புகுந்து ஊதிவிடும். வெட்கத்தில் நான் அதை அடித்து அமுக்குவேன். "விடும் ராணி, அதுதான் உம்மடை வள்ளம். பிடிச்சுக்கொண்டு மிதவும்" என்பார். அப்படித்தான் நீச்சல் பழகினேன். இப்போது சுவருக்குச் சுவர் நீந்துகிறேன்.

நோர்வேயிலிருந்து மகள் வீடியோவில் பகிடி பண்ணுகிறாள். "அம்மா, இஞ்சை சனம் ஐஸை வெட்டிப்போட்டு இறங்குது. உங்கடை கேணி எங்களுக்குச் சுடுதண்ணி!" இருக்கட்டும். எனக்கு இந்தக் குளிர் போதும். முழங்கால் நோவு மாறிவிட்டதென்று சொன்னால் பொய். ஆனால் குளித்துவிட்டு வந்தால் மனதில் ஒரு தெளிவு, மத்தியானம் வரை நிற்கிறது. பக்கத்து வீட்டுக் கோழி என் பூக்கன்றுகளைக் கிளறினாலும் கத்துவதில்லை. நான் சந்தோசமாக இருக்கிறேன் என்று உங்களுக்கு எழுத வெட்கமாகவும் இருக்கிறது.

நேற்று நீந்திவிட்டுப் படியில் இருந்தோம். மதிலுக்கு அப்பால் யாரோ தொம்மென்று குதித்தார்கள். அக்கா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ராணி, தம்பி கடைசி நாளும் சந்தோசமாத்தான் குளிச்சிருப்பான், என்ன?"

"ஓம் மச்சாள்."

அக்கா துவாயை எடுத்து என் முதுகைத் துடைத்துவிட்டார்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். மெல்லத்தான் இறங்குவேன். அக்காவை விட்டுவிட்டுப் போகமாட்டேன். குளிசையை ஒருநாளும் தவறவிடமாட்டேன். உங்களிடம் வர எனக்கு இப்போது அவசரமில்லை. கோபிக்காதீர்கள். தண்ணீர் அவ்வளவு நன்றாக இருக்கிறது.

என்றும் உங்கள் மனைவியும்
உங்கள் அக்காவின் மச்சாளுமான
ராணி