எட்டாம் நம்பர் டப்பா

மார்ச் 4

இல்லை, நடிக்கவில்லை. இதை அப்பாவிடம் எத்தனை விதமாகத்தான் சொல்வது? பித்தப்பையையே அறுத்தெடுத்த பிறகும் கட்டிலருகே நின்று கேட்கிறார்: "இந்த வயசுல யாருக்குடா கல்லு வருது? கண்டதைத் தின்னா வராதா?" கேட்டுவிட்டு டியூட்டிக்குக் கிளம்பிவிட்டார். பஸ் ஓட்டுகிறவர். உடம்புக்கென்று ஒரு நாள் லீவு போட்டதில்லை. அவருக்குப் போய் நான் பிள்ளை.

பக்கத்துப் படுக்கையில் ஒரு கொத்தனார். அதே நாள், அதே ஆபரேஷன். "காலம் பூரா கல்லு அடுக்கினேன் தம்பி. பழக்கத்துல உள்ளயும் அடுக்கிட்டேன் போல." சிரித்துத் தொலைத்தேன். தையல் சுரீரென்றது.

மார்ச் 5

நர்ஸ் ஆளுக்கொரு சின்ன டப்பா தந்தார். அவரவர் கல்லாம். மூடியில் படுக்கை நம்பர். ஏழில் மஞ்சளாக, கெட்டியாக, உருண்டை உருண்டையாக. எட்டில் பழுப்பு, தொட்டாலே உதிரும் போலிருந்தது. எட்டில் படுத்திருப்பது நான்.

கொத்தனார் என் டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இது கல்லாடா? சேறு! இதை வெச்சு ஒரு செவுரு எழுப்ப முடியுமா?"

அப்புறம்தான் உறைத்தது. முதலில் ஏழில் இருந்தது நான். ஃபேனுக்கு நேர் கீழே. நான் தும்முவதைப் பார்த்துவிட்டு அவர்தான் இடம் மாற்றிக்கொண்டார். நர்ஸிடம் ரெண்டு பேருமே சொல்லவில்லை. மூடியில் எழுதினது அதற்கு முன்னாலா, பின்னாலா? அப்போ எது யாருடையது?

"கெட்டியானது என்னுது," என்று ஏழாம் டப்பாவை இழுத்து வைத்துக்கொண்டார்.

மார்ச் 9

பித்தக்கல் எதனால் ஆகிறது என்று ஆராய்ச்சி செய்கிற டாக்டரம்மா ஒருத்தர் இருக்கிறார். டப்பாக்களை அவர்தான் வாங்கிப் போயிருந்தார். இன்றைக்கு நேராக என்னிடம் வந்தார். எட்டாம் நம்பர், பித்தத்தில் கிருமி தங்கினால் உண்டாகிற வகையாம்.

"அடிக்கடி சளி, காய்ச்சல், காதுல சீழ் வருமா?"

"வரும். ஏன்?"

"ஆன்டிபாடி குறைவா இருக்கலாம். கிருமியை எதிர்த்து நிக்கறது அதுதான். ரத்தத்துல பார்க்கணும்."

படுக்கை மாற்றின கதையைச் சொன்னேன். நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "சரி, ரெண்டு பேருக்கும் எடுத்துடலாம். ரத்தத்துக்குப் படுக்கை நம்பர் கிடையாது."

கொத்தனாருக்கும் ஓயாத இருமல்தான். சிமென்ட் தூசி என்கிறார். ஊசி குத்தும்போது அவர் ஜோக் அடிக்கவில்லை.

மார்ச் 10

சேறு என்னுதா இருக்கட்டும்.

எழுதிட்டேன். அடிச்சு அழிக்க மாட்டேன்.

காது ஒழுகுதுன்னு கடைசி பெஞ்சுல தனியா உக்காந்தது, நிமோனியா வந்து பரீட்சை போனது, அப்புறம் காலேஜே போனது— எல்லாத்துக்கும் அப்பாகிட்ட ஒரே கேள்விதான். "அது எப்படிடா பரீட்சைன்னா மட்டும் உனக்குக் கரெக்டா காய்ச்சல் வருது?" இவன் நடிக்கலைன்னு ஒரு டாக்டர் வாயால வரணும். அவர் காதுபட வரணும். அது போதும்.

என்னுது இல்லேன்னா கொத்தனாரோடது. எனக்காக ஃபேனடியில போய்ப் படுத்த மனுஷன். அதையும் யோசிச்சேன். யோசிச்ச பிறகு ஆசை இன்னும்தான் அதிகமாச்சு.

மார்ச் 12

வீடு. அப்பா கேட்ட முதல் கேள்வி: "எப்போ வேலை தேடப்போறே?"

மார்ச் 18

கொத்தனார் ரத்தம் சரியாக இருக்கிறது. என்னுடையதில் ஆன்டிபாடி பேருக்குத்தான்.

அம்மா நச்சரித்ததால் அப்பாவும் வந்திருந்தார். "ரொம்ப வருஷமாவே இருந்திருக்கும். பாவம், இத்தனை நாள் இதோட ஓட்டியிருக்கான்," என்றார் டாக்டரம்மா. மற்றவர்கள் ரத்தத்திலிருந்து பிரித்த ஆன்டிபாடியை மாதாமாதம் ஏற்ற வேண்டுமாம். எத்தனை மாதம் என்றேன். ஆயுசு முழுக்க.

அப்பா முகத்தைப் பார்க்கத் திரும்பினேன். அந்த முகத்துக்காகத்தானே காத்திருந்தேன்? அவர் என்னைப் பார்க்கவில்லை. "என்கிட்டேர்ந்து வந்ததா டாக்டர்?" என்றார். குரலே அவருடையதாக இல்லை.

"அதை இப்பவே சொல்ல முடியாது. அப்படியே இருந்தாலும் யார் தப்பும் இல்லை."

வெளியே வந்ததும் என் பையை வாங்கி அவர் தோளில் மாட்டிக்கொண்டார்.

ஜெயிச்சுட்டேன். சோறு இறங்கலை.

மார்ச் 20

கொத்தனார் போன் செய்தார். "கடைசியில சேறு உன் தலையிலயா விடிஞ்சுது தம்பி?" அப்புறம் இருமினார்.

மார்ச் 23

அப்பா திட்டுவதை நிறுத்திவிட்டார். வேண்டுமென்றே மத்தியானம் வரை தூங்கினேன். குழாயைத் திறந்துபோட்டு வந்தேன். பேசாமல் போய் மூடினார். சாயங்காலம் ஒரு தும்மல் போட்டேன். எழுந்து ஃபேனை அணைத்துவிட்டு, வேர்க்க வேர்க்க உட்கார்ந்து பேப்பர் படித்தார்.

ஒரு வார்த்தை திட்டித் தொலையுங்களேன்ப்பா. இதுக்கா நான் ஆசைப்பட்டேன்?

மார்ச் 27

முதல் தடவை ஏற்றப்போகிறார்கள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்தில் அப்பா. லீவு போட்டிருக்கிறார். ஆனால் யூனிஃபார்மில் இருக்கிறார். "காலைல கை தானா எடுத்து மாட்டிடுச்சு," என்றார், நான் கேட்காமலே.

அப்புறம், "பயமா இருக்கா?" என்றார்.

"சேச்சே, இல்லப்பா."

"நடிக்காதடா," என்றார்.

நர்ஸ் கூப்பிடுகிறார். போகணும்.