பெரில் ஏறிய பெட்டி

பிப்ரவரி 9, திங்கள்

திராட்சையைப் பெட்டியில் அடைத்து அனுப்பும் ஷெட்டில் இன்று முதல் நாள். பெட்டிக்கு மூடி போடுவது என் வேலை. வரிசையில் கடைசி ஆள் நான்தான். எனக்குப் பிறகு கப்பல், கடல், நியூசிலாந்து.

மேற்பார்வை பார்க்கும் நோலீன் ஒரே ஒரு விதி சொன்னார். "சிலந்தியப் பாத்தா கத்தணும், கேசி. ரெண்டு வாரம் பாப்பேன். கத்தாத ஆளு எனக்கு வேண்டாம்."

நானா? வகுப்பில் பெயர் கூப்பிட்டால் பதில் சொல்ல வாய் வராமல், முன் பெஞ்சில் உட்கார்ந்தபடியே 'வரவில்லை' ஆனவள். பத்தாவதோடு நின்றதே அதனால்தானே.

பிப்ரவரி 11, புதன்

பார்த்துவிட்டேன். கொத்துக்கு நடுவே, முதுகில் சிவப்புக் கோடு போட்ட விஷச் சிலந்தி, செம்முதுகு. வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். பின்னால் பதினொரு பெட்டிகள் முட்டிக்கொண்டு நின்றன.

"என்ன கண்ணு, பெட்டியக் கட்டிக்கப் போறியா?"

கண்ணால் காட்டினேன். நோலீன் கையுறை விரலால் சுண்டி எறிந்தார். "நம்மூர்ல இது ஈ புடிக்கிற சனியன். கடல் தாண்டுனா செய்தில வரும். ஜப்பான் வரைக்கும் போயி குடும்பம் நடத்துதுங்க. அடுத்த தடவ சத்தம் வரணும்."

பிப்ரவரி 15, ஞாயிறு

குளியலறையில் கத்திப் பழகினேன். அம்மா கதவை உடைக்க வந்துவிட்டாள்.

பிப்ரவரி 19, வியாழன்

நாளை பெட்டிகளைச் சோதிக்க நியூசிலாந்து அதிகாரி வருகிறார். ஒரு சிலந்தி தப்பிப் போனாலும் இந்தப் பருவம் எங்கள் ஷெட்டுக்கு ஏற்றுமதி கிடையாதாம். மூலைமுடுக்கெல்லாம் துடைத்தோம்.

தேநீர் அறையில்தான் தகராறு. அங்கே ஒரு நாற்காலிக்கு அடியில் இரண்டு வருடமாகப் பெரில் குடியிருக்கிறாள். அவளும் செம்முதுகுதான். அந்த நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை. கிறிஸ்துமஸுக்கு அதற்கும் ஜிகினா சுற்றுவார்களாம்.

"கொன்னுரு," என்றார் நோலீன்.

"பெரிலையா? உன் புருஷனவிட அதிகமா உழைச்சிருக்கா!" என்றார், பெட்டி அடுக்குகளைத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டும் கிழவர் வாரன்.

"உண்மதான். இருந்தாலும் கொன்னுரு."

பிப்ரவரி 20, வெள்ளி



வாரன் கொல்லவில்லை. ஒரு காலித் திராட்சைப் பெட்டியில் அவளை மூடி, திருப்புளியால் மூடியில் மூன்று ஓட்டை போட்டு, சுவரோரம் ஒளித்து வைத்திருந்தார். காலையில் என்னிடம் மட்டும் காட்டினார். "உங்கிட்ட சொன்னா வெளிய போகாதுல்ல?"

பத்து மணிக்கு அதிகாரி வந்தார். கப்பலுக்குப் போகும் அடுக்கை வாரன் வண்டியில் தூக்கி வந்தார். அதன் உச்சியில் மூன்று ஓட்டை போட்ட பெட்டி! யாரோ ஒழுங்காக அடுக்குவதாக நினைத்து ஏற்றியிருக்கிறார்கள். வாரனுக்கு அது தெரியவில்லை.

சும்மா இருந்தால்? அதிகாரி வேறு பெட்டியைத் திறக்கலாம். பெரில் கப்பலேறி நியூசிலாந்துக்கே போய்விடுவாள்.

"வாரன், நிறுத்துங்க! மேல பெரில்!"

என் குரலா அது? வரிசையே நின்றுவிட்டது.

"யாருங்க பெரில்?" என்றார் அதிகாரி.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. முதல்முறையாக ஷெட் முழுக்க என்னைப் போல இருந்தது.

"எங்க... சிலந்தி," என்றேன்.

அவர் திறந்து பார்த்தார். பெரில், பக்கத்தில் முட்டைப்பை. மெதுவாக மூடினார். அந்த அடுக்கு முழுவதையும் பிரித்துப் பார்க்க வேண்டும், அடுத்த வெள்ளி மறுபடி வருவேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நோலீன் என் பக்கம் திரும்பவே இல்லை. வேலை போச்சு.

பிப்ரவரி 27, வெள்ளி

அதிகாரி எண்பது பெட்டி திறந்தார். திராட்சை மட்டும்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு, "அன்னைக்குக் கத்துன பொண்ணு எங்க?" என்று கேட்டாராம். நான் கழிப்பறையில் ஒளிந்திருந்தேன்.

நான் வீட்டுக்குக் கிளம்பும்போது நோலீன் சொன்னார்: "திங்கக்கெழம சீக்கிரம் வா. இனிமே வரிசைக்கு முன்னாடி நின்னு, சிலந்தியப் பாத்துக் கத்துறதுதான் உன் வேல."

மார்ச் 12, வியாழன்

இன்று நான்கு முறை கத்தினேன். மூன்று, சிலந்திக்கு. நான்காவது, என் சாண்ட்விச்சை எடுத்துக் கடித்த வாரனுக்கு.