அரைக் குடம்

12-8-1974, திங்கள்

மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் ஆகிறது. கையில் வலுவே இல்லை என்றதற்கு, "சும்மா குந்தாதீங்க, பளு தூக்குங்க" என்றாள் நர்ஸம்மா. ஊர் பேசுமென்று மருமகள் சாந்தி என்னைக் குடம் தொட விடுவதில்லை. அதனால் அவள் தூங்கும் மத்தியானத்தில் அம்மிக்குழவியைத் தூக்கித் தூக்கி இறக்குவேன்.

இன்று பார்த்துவிட்டாள். அவள் அரைத்த மசாலா பிடிக்காமல் நானே அரைக்கப் போகிறேன் என்று நினைத்து அழுதாள். காரணத்தைச் சொன்னேன். என் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"நாளைலேர்ந்து கெணத்துக்கு வாங்க அத்த. அரைக் கொடம்தான். ஊரு பேசிக்கினு போவட்டும்."

அவளுக்கு இது ஐந்தாம் மாதம். எட்டாம் மாதத்துக்குள் நான் முழுக் குடம் தூக்கிவிட வேண்டும். இதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அரைக் குடமும் போய்விடும்.