மற்றத் திறப்பு

வியாழக்கிழமை, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி

நாளை காலை பல்கலைக்கழகத்தில் நேர்முகத் தேர்வு என்பதால் இந்த விடுதியில் அறை எடுத்தேன். தந்த திறப்பைப் பூட்டுத் துளையில் போட்டுத் திருப்பிக் கதவைப் பூட்டலாம். ஆனால் உட்பக்கம் கொண்டி இல்லை. அது இருந்த இடத்தில் நான்கு ஆணித் துளைகள்தான் இருக்கின்றன. கீழே போய் முகாமையாளரிடம் சொன்னேன்.

"தனியவோ வந்தனீங்கள்?"

"ஓம்."

"பயப்பிடாதேங்கோ பிள்ளை. மற்றத் திறப்பு என்னட்டைத்தான் கிடக்கு" என்று மேசை லாச்சியை இழுத்து மூடித் தட்டிக் காட்டினார். டிவி பார்த்துக்கொண்டிருந்த மூன்று ஆண்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டதாக அந்த மனிதர் நிம்மதியாகத் தூங்குவார். நானும் மண்டு மாதிரி "நன்றி அண்ணை" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மேசையைக் கதவோடு ஒட்டத் தள்ளி வைத்தேன். பாரமில்லாத மேசை. அதனால் நானும் அதன் மேல் ஏறி உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.