இங்கு ஒன்றும் இல்லை

அன்பு மகள் எழிலுக்கு அம்மா எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். எனக்கு வலது தோள்பட்டை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது, ஏன் என்று பின்னால் சொல்கிறேன். நீயும் மணிவேல் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்ல உடம்போடு இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று பதறாதே. போனில் சொன்னால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து "அப்படி இல்ல, இப்படி"ன்னு திருத்திக்கொண்டே இருப்பார். அதனால்தான் இதை எழுதி நானே போஸ்ட் பண்ணிவிட்டு, அப்புறம் அவரிடம் சொல்லப்போகிறேன்.

இங்கே மார்கழிக் குளிர் என்றால் உங்கள் ஊரில் இப்போது வெயில் காலம், கிறிஸ்துமஸ் லீவுக்குக் கடற்கரைக் கூட்டம் முழுக்க உங்கள் தெருவில்தான் நிற்கிறது, கேட்டை அடைத்துக் கார் நிறுத்துகிறார்கள், கால் மணலைக் கழுவ உன் தோட்டத்துக் குழாயைத் திறந்துகொள்கிறார்கள் என்று அழாத குறையாகச் சொன்னாயே, அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை ஒரு போர்டு எழுதி மாட்டப்போகிறார் என்றும் சொன்னாய். எழில், வேறு என்ன வேண்டுமானாலும் செய்யச் சொல், போர்டு மட்டும் வேண்டாம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

இங்கே அரையாண்டு லீவு விட்டதிலிருந்து செங்கம் ரோட்டில் கால் வைக்க இடமில்லை. மருவத்தூர் போகிற சிவப்புச் சேலைக்காரர்கள், ஐயப்ப சாமிகள், ஆந்திராவிலிருந்து பஸ் பஸ்ஸாக வருகிறவர்கள், ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள் எல்லாரும் நம் சந்தில் வந்து முட்டுகிறார்கள். ரூம் இருக்கா, பாத்ரூம் இருக்கா, சாப்பாடு போடுவீங்களா என்று காலை நாலரைக்கே கேட்டைத் தட்டுகிறார்கள். அப்பாவுக்கு வெறுத்துப்போய்விட்டது. உன்னிடம் சொல்லாமல் மறைத்த விஷயம் ஒன்று உண்டு, இப்போது சொல்லிவிடுகிறேன். வீட்டை விற்றுவிட்டுக் கீழ்பென்னாத்தூர் பக்கம் போய்விடலாம் என்று அவர் முடிவு பண்ணிவிட்டார். லாட்ஜ் கட்டுகிற சக்கரவர்த்தி என்று ஒருவர், அவரிடம் என்னைக் கேட்காமலே வாக்கும் கொடுத்துவிட்டார். நான் வரமாட்டேன் என்றேன். ஆஸ்பத்திரி, கடைத்தெரு, எதிர்வீட்டு திரௌபதி எல்லாவற்றையும் விட்டுவிட்டு அங்கே போய் யார் முகத்தைப் பார்ப்பது? பேச்சு முற்றி இரண்டு பேரும் பேசுவதை நிறுத்திவிட்டோம். பதினோரு நாள். சாப்பாடு ரெடி என்பதை நான் பிரிட்ஜைப் பார்த்துச் சொல்வேன், உப்பு கம்மி என்று அவர் மின்விசிறியைப் பார்த்துச் சொல்வார். அப்போதெல்லாம் நீ போன் பண்ணினபோது இருவரும் சிரித்துச் சிரித்துப் பேசினோமே, அது உன்னிடம்தான், ஒருவரிடம் ஒருவர் இல்லை.

வெள்ளிக்கிழமை அப்பா ஒரு அட்டையில் "இங்கு ஒன்றும் இல்லை" என்று கொட்டை எழுத்தில் எழுதி, கீழே அதையே இங்கிலீஷிலும் எழுதிக் கேட்டில் கட்டினார். வேறு ஊராக இருந்தால் படித்துவிட்டுப் போயிருப்பார்கள். நம் ஊரில் அப்படியா? சாயங்காலமே ஒரு பெரியவர் அதை ஏதோ சித்தர் வாக்கு போலப் படித்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சனிக்கிழமை முழுக்கப் போட்டோ எடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை கதவைத் திறந்தால் ஒரு வெள்ளைக்காரர் போர்டுக்கு நேராகச் சம்மணம் போட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். அவர் பின்னால் ஒரு தெலுங்குக் குடும்பம் கைகூப்பி நிற்கிறது. அவர்கள் பின்னால் எதற்கு நிற்கிறோம் என்று தெரியாமலே நாற்பது பேர். அந்தத் தெலுங்கு அம்மா என்னைப் பார்த்ததும் "மஞ்சி நீள்ளு"ன்னு கேட்டாள். குடிக்கத் தண்ணீர் கேட்டால் இல்லை என்றா சொல்வது, ஒரு டம்ளர் கொடுத்தேன். பின்னால் நின்றவரும் கையை நீட்டினார். அவ்வளவுதான், வரிசை நகர ஆரம்பித்துவிட்டது.

அன்றைக்குப் பத்து மணிக்குத்தான் சக்கரவர்த்தி வீட்டைப் பார்க்க வருவதாக இருந்தது. அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்து கூட்டத்தைப் பார்த்துத் திகைத்தார். முப்பத்திரண்டு வருஷம் வேலூர் ரூட்டில் கண்டக்டராக இருந்தவருக்கு இந்தக் கூட்டம் எம்மாத்திரம் என்று நானும் நினைத்தேன். படியில் ஏறி நின்று கையைத் தட்டினார். எல்லாரும் கிளம்புங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் பழக்க தோஷம், "உள்ள போங்க, உள்ள போங்க, வழியில நிக்காதீங்க, நடுவுல காலியா இருக்குது பாருங்க!" என்று கத்திவிட்டார். மொத்தப் பேரும் உள்ளே வந்துவிட்டார்கள். ஹால் வழியாக வந்து, டிவியைக் கும்பிட்டு, சமையல்கட்டில் என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்து, பின்வாசல் வழியாக வெளியே போனார்கள். ஒருவர் விடாமல் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்தார்கள், அதைச் சொல்லியாக வேண்டும். திரௌபதி குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினாள். "உள்ள ஒண்ணும் இல்லைங்க, போங்க"ன்னு அவள் சொல்லச் சொல்ல, "தெரியும்மா, வெளியவே எழுதியிருக்காங்க"ன்னு சொல்லிவிட்டுக் கூட்டம் இன்னும் ஜாஸ்தியானது.

சக்கரவர்த்தி எங்கேயோ மாட்டிக்கொண்டார் என்று அப்பா பின்வாசல் வழியாகத் தேடப் போனார். போனவர் திரும்பி வர முடியவில்லை. பின்வாசலில் "இது வெளிய வர்ற வழி, இப்படி ஏறாதீங்க"ன்னு தடுத்துவிட்டார்கள். முன்வாசலுக்கு வந்தால் "பெரியவரே, நாங்கல்லாம் மனுசங்களா தெரியலையா, பின்னாடி போய் நில்லுங்க"ன்னு விரட்டினார்கள். இது என் வீடு என்று சொல்லியிருக்கிறார். "காலைலேர்ந்து நீங்க ஆறாவது ஆளு"ன்னு ஒரு அம்மா சொன்னாளாம். எழில், அவர் கட்டின வீட்டுக்குள் போவதற்கு உன் அப்பா செங்கம் ரோடு முனையில் போய் வரிசையில் நின்றார். இவ்வளவுக்கும் நடுவில் சக்கரவர்த்தி எனக்குப் போன் பண்ணி, "உங்க வீட்டக் கண்டுபிடிக்கவே முடியலீங்க, பக்கத்துல ஏதோ புதுக் கோயில் போல, கும்பிட்டுட்டுத் தண்ணி கூட குடிச்சேன்"னு சொன்னார். என் கையால்தான் குடித்திருக்கிறார், இருவருக்குமே தெரியவில்லை.

அப்பா இரண்டே முக்கால் மணி நேரம் நின்றார். அவருக்கு முன்னால் நின்ற திருப்பத்தூர்க்காரர் எல்லாம் தெரிந்தவர் போலச் சொல்லியிருக்கிறார். "உள்ள ஒரு அம்மா இருக்காங்க. தண்ணி மட்டும்தான் தருவாங்க, நூறு வருஷமா யார்கிட்டயும் பேசறதில்லையாம்." அப்பாவுக்கு வந்ததே கோபம். "யோவ், பதினோரு நாளாத்தான்யா பேசல"ன்னு சொல்லிவிட்டார். அதைக் கேட்டு அந்த மனிதர், இவருக்கு உள்விவரம் தெரியும் என்று அப்பாவையும் கும்பிட்டிருக்கிறார். அப்புறம் பின்னால் நின்றவர்கள் எல்லாம் வந்து அப்பாவிடம் சந்தேகம் கேட்டிருக்கிறார்கள். குழந்தைக்குப் பேச்சு வரவில்லை, பெண்ணுக்கு வரன் அமையவில்லை, வேலூருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு. கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னேன் என்கிறார், ஆனால் எல்லாருக்கும் ஏதோ சொல்லியிருக்கிறார் என்றுதான் திரௌபதி சொல்கிறாள்.

எனக்கு அதற்குள் தோள் மரத்துவிட்டது, யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நீட்டின கையில் டம்ளரை வைப்பதோடு சரி. ஒரு கை வந்தது. ஆள்காட்டி விரல் நுனி தேய்ந்து வழுவழுவென்று இருந்தது, எச்சில் தொட்டு டிக்கெட் கிழித்த விரல். நிமிர்ந்தால் அப்பா. வெள்ளைச் சட்டை வேர்வையில் ஊறி, முகம் சுண்டிப்போய் நிற்கிறார். தண்ணீரை வாங்கிக்கொண்டு "வேதா, கால் வலிக்குது"ன்னார். அவ்வளவுதான் சொன்னார். "உக்காருங்க"ன்னேன்.

பின்னால் நின்ற யாரோ "அம்மா பேசிட்டாங்க!"ன்னு கத்தினார்கள். என்ன சொன்னாங்க, என்ன சொன்னாங்க என்று ஹாலில், படியில், சந்தில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். உக்காரச் சொல்லிட்டாங்க என்று பதில் போனது. உடனே எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள், எழில். ஹாலில் இருந்தவர்கள் ஹாலில், சந்தில் இருந்தவர்கள் சந்தில், செங்கம் ரோடு முனை வரைக்கும் வரிசை கலையாமல் உட்கார்ந்தார்கள். ஒரு ஆட்டோக்காரர் ஆட்டோவை நிறுத்திவிட்டு இறங்கி உட்கார்ந்தார். கால் வலித்த ஜனம்தானே, உட்கார்ந்ததும் பையிலிருந்து புளிசாதத்தை எடுத்துப் பிரித்துக்கொண்டார்கள். எனக்கும் அப்பாவுக்கும் இரண்டு இலை வந்தது. காலையிலிருந்து அடுப்பே பற்றவைக்காத வீட்டில் நானும் அவரும் தரையில் உட்கார்ந்து யாரோ கட்டிக்கொடுத்த சோற்றைச் சாப்பிட்டோம். சாப்பிட்டவர்கள் கொஞ்சம் கண்ணயர்ந்து, மணி நாலுக்கு மேல் ஒவ்வொருவராகக் கும்பிட்டுவிட்டு எழுந்து போனார்கள். ஒரு பொருள் காணாமல் போகவில்லை. ஒரு எவர்சில்வர் தூக்கு ஜாஸ்தியாக இருக்கிறது, யாருடையது என்று தெரியவில்லை.

சாயங்காலம் சக்கரவர்த்தி மறுபடி போன் பண்ணினார். அப்பா எடுத்து, விற்பதாக இல்லை, மன்னிச்சிடுங்க என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். போனை வைத்துவிட்டு, "கீழ்பென்னாத்தூர்ல நான் யாருகிட்ட வேதா பேசுவேன்?"ன்னார். ரிடையர் ஆன இரண்டு வருஷத்தில் அவர் தினமும் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரையே திருப்பித் திருப்பிப் படித்ததைக் கூட்டத்தின் மேல் இருக்கிற கோபம் என்றே நினைத்துவிட்டேன். ஒரு நாளைக்கு ஐந்நூறு பேரோடு பேசிக்கொண்டிருந்த மனிதர் என்பதை நான் யோசிக்கவே இல்லை. அவரும் யோசிக்கவில்லை, வரிசையில் நின்ற அவர் கால்தான் கண்டுபிடித்தது.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுசோடு, குறையில்லாமல், ஒருவர் மேல் ஒருவர் கோபம் வந்தாலும் அன்றைக்கே சண்டை போட்டு முடித்துக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும் என்று அண்ணாமலையாரை வேண்டிக்கொள்கிறேன். ரத்தம் கம்மி என்று டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதே, வெயிலில் தொப்பி இல்லாமல் போகாதே. ஊருக்கு வர டிக்கெட் போடும்போது பௌர்ணமி எப்போது என்று என்னைக் கேட்டுவிட்டுப் போடு. இன்னும் நிறைய எழுத ஆசை, ஆனால் அப்பா ஹாலிலிருந்து இத்தோடு பதினாறு தடவை வேதா, வேதா என்று கூப்பிட்டுவிட்டார். ஒன்றும் இல்லை, சும்மா பேசத்தான்.

ஆசிகளுடன்,
உன் அம்மா
வே. வேதா
திருவண்ணாமலை